கோப்பிலிருந்து தொடங்குங்கள்: கட்டற்ற மென்பொருளும் கடைக் கணினியும்

பெங்களூரு அல்சூரில் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்துக் கொடுக்கும் சின்ன அச்சகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கணினி, ஒரு லேசர் பிரிண்டர், கணக்குக்கு டேலி. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் வேலை வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மூன்றில் இரண்டு கணினிகள் ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவில் இருந்து ஐ.டி. வேலை பார்க்கும் பையன் ஒருவன் வருவான்.

“அண்ணே, மூணுலயும் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம். எல்லாமே கட்டற்ற மென்பொருள். யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்.”

“போடலாம் தம்பி. நாளைக்குக் காலைல பிரிண்டர் ஓடுமா? அதை மட்டும் சொல்லு.”

பையன் பேசுவது உரிமையைப் பற்றி. அச்சகக்காரர் பேசுவது நாளைய டெலிவரியைப் பற்றி. இந்த வழக்குக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அது தொடங்கியதும் ஒரு பிரிண்டரில்தான்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலாளராக இருந்தார். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அதன் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரிலும் காகிதம் சிக்கியது. ஆனால் அதன் மூல நிரல், அதாவது நிரலாளர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், கூடவே வரவில்லை. நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டபோது, யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் கையை விரித்துவிட்டார். 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவானது.

அந்த அறக்கட்டளை ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று ஏற்க நான்கு உரிமைகளைப் பார்க்கிறது. நிரலாளர் வழக்கப்படி எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பது சுழியம். எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்பது ஒன்று. இதற்கு மூல நிரல் கையில் இருக்க வேண்டும். நகல் எடுத்துப் பிறருக்குத் தரலாம் என்பது இரண்டு. திருத்திய வடிவத்தையும் தரலாம் என்பது மூன்று. விலை இதில் எங்கும் வரவில்லை. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்கலாம். இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ செயலிகளில் இந்த நான்கில் மூன்று இருக்காது.

இந்த உரிமைகளைச் சட்டத்தால் கட்டிக் காப்பதுதான் 1989-இல் வந்த ஜி.பி.எல். உரிமம். இந்த நிரலை எடுத்து மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் இதே நிபந்தனையோடு கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. வகை உரிமங்களில் இந்தக் கட்டாயம் இல்லை, எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடுத்த ஆண்டே ஜி.பி.எல்.லுக்கு மாற்றினார். 1998-இல் இன்னொரு கூட்டம் பிரிந்தது. எரிக் ரேமண்ட், புரூஸ் பெரன்ஸ் முதலானோர் ‘திறமூலம்’ என்ற பெயரில், உரிமைப் பேச்சைப் பின்னுக்குத் தள்ளி, இப்படி எழுதினால் மென்பொருள் தரமாக வரும் என்று நிறுவனங்களிடம் பேசினார்கள். நிரல் பெரும்பாலும் அதேதான், வாதம்தான் வேறு.

இந்த உரிமைப் பிடிவாதக்காரர்களால் வேலை பார்ப்பவருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ரவுட்டரைக் காட்டலாம். லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்தது. ஜி.பி.எல். படி நிரலைக் கொடுங்கள் என்று நிரலாளர்கள் நெருக்கினார்கள். 2003-இல் நிரல் வெளியே வந்தது. அதன்மேல்தான் அடுத்த ஆண்டு, ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. திட்டம் எழுந்தது. தயாரித்த நிறுவனமே கைகழுவிய ரவுட்டர்களுக்கு இன்றும் பாதுகாப்புத் திருத்தம் அங்கிருந்து கிடைக்கிறது. உரிமத்தில் அந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. கட்டற்ற மென்பொருளில் மிகவும் கறாரான திட்டங்களில் ஒன்று டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு. அவர்களே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஃபர்ம்வேர் என்பது வைஃபை சில்லு போன்ற உதிரிபாகத்துக்குள் ஏற்றப்படும் குட்டி நிரல். அது இல்லாமல் இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் வைஃபை எழுந்திருக்காது. வைஃபை இல்லாவிட்டால் அந்த ஃபர்ம்வேரைப் பதிவிறக்கவும் வழியில்லை. புதிதாக வருபவர்கள் இந்த முடிச்சில் மாட்டிக்கொண்டு விண்டோஸுக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறக்கட்டளை பரிந்துரைக்கும் டிரிஸ்குவெல் போன்ற வெளியீடுகள் இன்றும் ஃபர்ம்வேரை நீக்கிய கருநிரலைத்தான் தருகின்றன. கொள்கைக்குப் பொருத்தம்தான், ஆனால் இணையம் இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு அச்சகக்காரர் என்ன செய்வார்?

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்நாட்டில் லினக்ஸுக்குச் சொல்லும் முதல் காரணம் செலவு மிச்சம். இங்கே அந்த வாதம் எடுபடாது. கட்டற்ற மென்பொருளுக்கு இங்கே போட்டி விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் அன்று, கிராக் போட்ட நகல். அதுவும் காசில்லாமல்தான் வருகிறது. கிராக் கோப்பை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். வாடிக்கையாளரின் ஆதார் நகல், ஜி.எஸ்.டி. கடவுச்சொல் எல்லாம் இருக்கும் கணினியில், யார் எழுதினார் என்று தெரியாத நிரலுக்கு நிர்வாகி அனுமதி கொடுக்கிறோம். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: பத்து வருடம் கழித்தும் என் வேலையை என்னால் திறக்க முடியுமா?

அப்படிக் கேட்டால் மாற்றத்தின் வரிசை தலைகீழாகிவிடும். பையன் இயங்குதளத்தில் தொடங்கச் சொல்கிறான். அனேகமாக எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். முதலில் கோப்பு, பிறகு செயலி, அதற்குப் பிறகுதான் இயங்குதளம். ஃபர்ம்வேர் கடைசி; அது வராமலே போனாலும் பாதகமில்லை.

முதலில் கோப்பு

அச்சகத்தின் பழைய வேலைகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கிடக்கும். இவற்றில் கணினிக்குத் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. கன்னடத்தில் பழைய நுடி கோப்புகளுக்கும் இதே கதி. விண்டோஸோ லினக்ஸோ, இந்தப் பூட்டு அப்படியே இருக்கும். ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு மாற்றினால்தான் திறக்கும்.

மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. கட்டற்றதாகவே வேண்டுமென்றால், பைதான் தெரிந்தவரிடம் ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்லலாம். அசல் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பத்திக்கு நடுவே இருக்கும் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். கருவிக்கு எது பாமினி, எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது. மாற்றும் முன் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாவது, கொம்பு. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்து, பிறகு கால் என்று பார்வை வரிசையில் இருக்கும். ஒருங்குறியில் எழுத்து முதலில், உயிர்க்குறி பின்னால். சில கருவிகள் ‘கொ’வை க, கொம்பு, கால் என்று மூன்று குறியாக விட்டுவிடும், சரியான ஒற்றை ஒகரக் குறியைப் போடாது. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘கொடி’ என்று தேடினால் சில செயலிகளில் கிடைக்காது. ஔகாரமும் இப்படித்தான்: ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து ‘ஔ’ போலவே நிற்கும், தேடலில் மாட்டாது. மாற்றிய பிறகு இந்த எழுத்துகள் வரும் சொற்கள் சிலவற்றைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

பக்கம் வடிவமைக்கும் பழைய செயலியான பேஜ்மேக்கரின் கோப்பு என்றால் பூட்டு இரண்டு. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. லிப்ரெஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பின் டிரா செயலி அந்தக் கோப்பைத் திறக்க முயலும். எழுத்து பெரும்பாலும் வந்துவிடும், அமைப்பு இடம் மாறும். இருபது வருடச் சரக்கையும் மாற்ற உட்காராதீர்கள். திரும்பத் திரும்ப ஆர்டர் வருகிற வேலைகளை மட்டும் பழைய கணினியிலேயே அச்சுத் தரத்தில் பி.டி.எஃப். எடுங்கள். எழுத்தைத் தனியாக எடுத்து ஒருங்குறியாக்கி வையுங்கள். மீதியை ஆர்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடிதம், கொட்டேஷன் போன்றவற்றுக்கு வடிவம் பெரிய பிரச்சினை இல்லை. லிப்ரெஆஃபிஸின் ஓ.டி.எஃப். 2006-இலும், மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ் வகையறா 2008-இலும் ஐ.எஸ்.ஓ. தரம் ஆயின. ஒன்றில் எழுதி மற்றொன்றில் திறந்தால் பக்கம் நழுவுவதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். காலிப்ரி இல்லாத கணினியில் அதே அகலமுள்ள கார்லிட்டோ வந்து உட்காரும், ஆங்கிலம் தப்பிக்கும். தமிழில் லதா, நிர்மலா இல்லாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் வரும், அதன் அகலம் வேறு. ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து மட்டும் தனியாக நிற்கும்படி ஆகிவிடும். இரு பக்கமும் நோட்டோ தமிழ் அல்லது லோகித் தமிழ் நிறுவிக்கொண்டால் தொல்லை விட்டது. இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை. வாடிக்கையாளருக்கு அனுப்புவதை எப்போதும் பி.டி.எஃப்.பாக அனுப்புங்கள்.

பிறகு செயலி

விண்டோஸை வைத்துக்கொண்டே லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் எல்லாவற்றையும் நிறுவி இரண்டு மூன்று மாதம் புழங்குங்கள். இவை எல்லாமே விண்டோஸிலும் ஓடும். கை பழகாத இடங்கள் இந்தக் காலத்தில் வெளியே வந்துவிடும், டெலிவரி தேதி கெடாது.

ஸ்கிரைபஸில் 1.6 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பைப் போடுங்கள். பழைய 1.4-இல் கொம்பும் காலும் கண்டபடி சிதறும். இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி 1.5 வரிசையில்தான் வந்தது. பிளேட் போடக் கொடுக்கும் சி.எம்.ஒய்.கே. (அச்சு மையின் நான்கு நிறங்கள்) பி.டி.எஃப்.பை ஸ்கிரைபஸ் ஒழுங்காகத் தரும். படம் திருத்தும் ஜிம்ப் அப்படியில்லை. 2025-இல் வந்த 3.0-இலும் படத்தை நேரடியாக சி.எம்.ஒய்.கே.யில் வைத்துத் திருத்த முடியாது. அந்த வேலைக்கு இன்னொரு கட்டற்ற செயலியான கிருத்தா தேவலாம். ஆனால் போட்டோஷாப்பில் பத்து வருடம் கை பழகியவரிடம் இதைப் போய் நியாயப்படுத்த முடியாது, முயலவும் வேண்டாம். கோரல் கோப்புகளை இங்க்ஸ்கேப்பும் லிப்ரெஆஃபிஸும் ஓரளவு திறக்கும். அனுப்புபவரிடம் எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கி பி.டி.எஃப். கேட்டு வாங்குவதுதான் பத்திரம்.

அப்புறம்தான் இயங்குதளம்

8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் அல்லது டெபியனின் லைவ் படிமத்தை (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடுவது) வென்டாய் அல்லது ரூஃபஸ் கருவி கொண்டு ஏற்றுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9 அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நீங்களாக நிறுவு என்று சொல்லாத வரை வன்தட்டில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று ஐந்தையும் பாருங்கள். பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் பழைய லேப்டாப் வாங்கப் போனால் இந்தப் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே ஏற்றிப் பார்க்கவிடாத கடைக்காரரிடம் வாங்காமல் வருவதே நல்லது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக இடறும் கற்கள் நான்கு. பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையில், ‘செக்யூர் பூட்’ அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் தன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். முன்பே அதைத் தாளில் எழுதி வையுங்கள்; சாவி எங்குமே கிடைக்காவிட்டால் தரவு போனது போனதுதான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் வட்டு பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. ஆகவே அதை அணையுங்கள். நிறுவியில் வன்தட்டே தெரியவில்லை என்றால், பயாஸில் வட்டு முறை இன்டெல் ஆர்.எஸ்.டி.யில் இருக்கும், அதை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்ற வேண்டும். ஆனால் எதுவும் செய்யாமல் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் எழாது, முதலில் அதை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். வைஃபை இல்லை என்றால் கைப்பேசியை யு.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. ஃபர்ம்வேர் முடிச்சை அவிழ்க்க இதுவே எளிய வழி.

ரேம் 4 ஜி.பி. மட்டும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஈ திரைச்சூழலைத் தேர்ந்தெடுங்கள். 8 இருந்தால் எதுவும் ஓடும். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை மூன்றும் வரும். நிறுவிய உடனே பட்டியலில் தெரியாவிட்டால் வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

இனி அண்ணனின் பிரிண்டர். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் மூலைக்கு மூலை நிற்கும் கெனான் எல்.பி.பி. 2900, கேப்ட் என்ற அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசுவது. லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு, அடுத்த பதிப்பேற்றத்தில் மறுபடி நின்றாலும் நிற்கும். எச்.பி. லேசர்ஜெட் 1020 ஓடும். ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் கணினி அதற்குள் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும், அந்தக் கோப்பு மூடிய நிரல். கறாரானவர் இதைத் தொடமாட்டார். கடை நடத்துபவர், எச்.பி. பிரிண்டர்களை லினக்ஸில் ஓட்டும் எச்பிலிப் கருவி கேட்கும் கூடுதல் பிளகினுக்குச் சரி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம், தப்பில்லை. அடுத்து வாங்கும் பிரிண்டரில் ஏர்பிரின்ட், ஐ.பி.பி. எவ்ரிவேர், போஸ்ட்ஸ்கிரிப்ட் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். இருந்தால் எந்த நிறுவனத்தின் டிரைவரும் இல்லாமல் அச்சாகும்.

மாற்றக் கூடாதவை

டேலி விண்டோஸ் மென்பொருள். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் அது நின்றால் யார் பொறுப்பு? டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அப்படியே: டிரைவர், உலாவி, தளத்தின் துணைநிரல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டுக்கும் விண்டோஸ் 11 ஓடும் கணினி ஒன்றை ஒதுக்கி, அதில் வேறு எதையும் செய்யாதீர்கள். கட்டற்ற கணக்கு மென்பொருள் இல்லாமலில்லை. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கிறது, ஜி.எஸ்.டி.க்கும் வழி உண்டு. ஆனால் உங்கள் ஆடிட்டருக்கு டேலிதான் தெரியும் என்றால் அது அங்கேயே முடிந்த பேச்சு.

கைப்பேசியிலும் இதே நிலைமை. கூகுள் சேவைகளை நீக்கிய ஆண்ட்ராய்டு போட்டால் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும், கியூ.ஆர். காட்டிக் காசு வாங்கும் கடைக்கு அது ஆகாது. கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டிலிருந்து விசைப்பலகை, பி.டி.எஃப். வாசிப்பான் போன்றவற்றை மாற்றிக்கொள்வதோடு நிறுத்தலாம். சர்வரில் ஓடும் சேவைகளில் நிரல் திறந்திருப்பது பாதிப் பதில்தான். பெங்களூரு ஆட்டோக்களுக்கான நம்ம யாத்ரியின் நிரல் பொதுவில் இருக்கிறது, பாராட்ட வேண்டியதே. ஆனால் நம் கைப்பேசி பேசும் சர்வரில் அதே நிரல்தான் ஓடுகிறதா என்று பயணியால் பார்க்க முடியாது. அங்கே நிரலைவிட, நம் தரவை நாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே முக்கியம்.

டேலிக்கும் அதே அளவுகோல் பொருந்தும். மார்ச் 31 தாண்டி ஆடிட்டர் கணக்கை மூடியதும், டேலியின் சொந்த பேக்கப்போடு நிறுத்தாமல் டே புக், லெட்ஜர்கள், டிரயல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி நான்கையும் எக்செல்லாகவும் பி.டி.எஃப்.பாகவும் ஏற்றுமதி செய்யுங்கள். ஆண்டின் பெயரில் ஒரு ஃபோல்டர், இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகல். லினக்ஸ் கணினியில் லிப்ரெஆஃபிஸில் ஒருமுறை திறந்து, டிரயல் பேலன்ஸின் மொத்தம் டேலி காட்டும் தொகையோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அந்த ஃபோல்டரை மூடுங்கள்.